மூன்று பட்டி

புதன்கிழமை மத்தியானம்
ஒரு காக்கிச் சேர்ட்டும் மூன்று பட்டியும்
சொப்பின் பையில் வந்தன.
கொண்டுவந்த பெடியனுக்குத் தமிழ் வராது.
தன் கையில் மூன்று கோடு இழுத்துக் காட்டினான்,
பிறகு மணிக்கூட்டை.
மூன்று மணிக்கு உனக்கு உடுத்துவார்களாம்.

பதினொரு வருஷம் கொன்ஸ்தாபிள்.
செத்ததும் சார்ஜன்ட்.
மருதை சந்திரபோஸ், பொகவந்தலாவை.
கொடிகாமத்தில் உன் முழுப்பெயர் தெரிந்தது
எனக்கும் என் அளவுக் கொப்பிக்கும்தான்.

முதல்நாள் நீ வந்தபோது
மெசினிலிருந்து நான் தலை நிமிரவில்லை.
காக்கி தைக்கிறதில்லை என்றேன்.
சுவரில் அண்ணனின் படத்தைப் பார்த்தாய்.
தொண்ணூற்றாறில் பஸ்ஸால் இறக்கியவர்கள்
போட்டிருந்தது பச்சை.
பச்சை வேறு காக்கி வேறென்று பிரித்துப் பார்க்க
அம்மா கடைசிவரை பழகவில்லை.
நானும்தான்.
துணியைச் சுருட்டிக்கொண்டு போனாய்.
அடுத்த கிழமை வெள்ளைத் துணியோடு வந்து
"இது தைப்பீங்களாக்கா?" என்றாய்.

தோட்டத்துப் பொலிஸ் என்று ஊர் உனக்குப் பெயர் வைத்தது.
காதுபடச் சொன்னவர்களும்
தங்கள் வேலிச் சண்டையை
உன்னிடம்தான் எழுதக் கொடுத்தார்கள்.
தமிழில் எழுத அங்கே நீ ஒருவன்.
என் சைக்கிள் களவு போனதும் உன் கையெழுத்தில்தான்:
"முன் சில்லில் மூன்று கம்பி இல்லை.
மணி அடிக்காது."
வாசிச்சுப் பார்த்து ஒப்பம் வையுங்க என்றாய்.
பொலிஸில் நான் வாசித்துவிட்டு ஒப்பமிட்ட
முதல் கடதாசி அது.
சைக்கிள் கிடைக்கவில்லை.

ஒருநாள், பொத்தான் தைக்கும்வரை நின்றபடி,
"நேத்து ராத்திரி அம்மாவைப் பேசினேன்" என்றாய்.
பெற்றவளை ஏன் பேசினாய் என்று கோபம் வந்தது எனக்கு.
எங்கள் ஊரில் பேசுவதென்றால் ஏசுவது.
உங்கள் ஊரில் அது கதைப்பது.
விளங்கியதும் நீ சிரித்த சிரிப்பில்
பொத்தான் உருண்டு மெசினுக்கடியில் போனது.
இன்னும் அங்கேதான் கிடக்கும்.

முள்ளிப் பக்கம், விடிய இரண்டரை.
குடத்தனை மணலோடு வந்த டிப்பர்.
நீ டோர்ச்சை அடித்தபடி றோட்டின் நடுவில் நின்றாயாம்.
அது நிற்கவில்லை.
அவ்வளவுதான் சொல்கிறார்கள்.
மற்றதை
சந்தையில் மீன் வெட்டுகிறவள் சொல்லக்
கேட்காமல் எழும்பி வந்தேன்.

அந்த மணல் யார் வீட்டு அத்திவாரத்துக்குப் போனதோ.
என் மகளின் வீட்டுக்கு
இரவோடிரவாக வந்து பறித்த மணலுக்குப்
பர்மிற் இருந்ததா என்று
நான் கேட்டதில்லை.
லோட்டுக்கு மூவாயிரம் குறைவு என்றதும்
வாயை மூடிக்கொண்டேன்.

இந்தச் சேர்ட்டை எவனோ அவசரத்தில் தைத்திருக்கிறான்.
தோள் ஒரு அங்குலம் பெரிது.
பட்டியை எங்கே வைத்தாலும் சரிந்தது.
கொப்பியை எடுத்தேன். தோள் பதினேழு.
கையைப் பிரித்து, தோளைப் பிடித்து, திரும்பப் பூட்டினேன்.
கதவடியில் பெடியன் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றான்.
நிற்கட்டும்.

பொலிஸ் பக்கமிருந்து ஸ்பீக்கர் கேட்டது.
பெரியவர்கள் உன்னைப் பற்றிப் பேசினார்கள்,
உங்கள் ஊர்ப் பேச்சு.
எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சுத்தான் வந்தது.
ஓரமாய் நின்றிருக்கலாமே, மடையா.
நம்பரை எழுதியிருந்தால் போதாதோ.
நாளைக்குப் பிடித்திருக்கலாம், நாளையின்றைக்குப் பிடித்திருக்கலாம்,
பிடிக்காமலே விட்டிருக்கலாம்,
எல்லாரும் விடுகிற மாதிரி.
நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

பெடியனுக்கு ரசீது வேணுமாம், கந்தோருக்கு.
எழுதினேன்:
பட்டி மூன்று. தோள் பிடித்தது. கூலி இருநூறு.
தமிழில்தான் எழுதினேன்.
வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான்.
கொண்டுபோனால் வாசிக்க
அங்கே இப்போது ஆளில்லை.