ஈட்டுத் தண்ணீர்

திங்களும் வியாழனும் லாரி வரும்.
ஆறாயிரம் லிட்டர்.
தென்னை நாற்பத்து மூன்று,
மாடு இரண்டு, நாங்கள் நான்கு பேர்.
'இழந்த நீருக்கு ஈடு' என்று அச்சடித்த கட்டத்துக்கு நேரே
வேலாத்தாள் என்று எழுதுவேன்.

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிப் போகிறது கிராவல்,
பாலக்காட்டில் யாருக்கோ வீடாக.
குழி மட்டும் போகவில்லை.
எங்கள் கிணற்றைவிட இரண்டாள் ஆழம்.

ராத்திரி முழுக்க அங்கே மோட்டார் ஓடும்.
தண்ணீர் நின்றால்
மண் அள்ள முடியாதாம்.

இன்றைக்குக் குழாயிலேயே கையேந்தி
ஒரு வாய் குடித்தேன்.
அதே துவர்ப்பு.
கட்டிக்கொண்டு வந்த புதிதில்
துப்பித் துப்பிப் பழகி,
பிறந்த வீட்டுத் தண்ணீரையே
சப்பென்று ஆக்கிவிட்ட
துவர்ப்பு.

"இது எங்கத்த தண்ணி, சுகுணா?"

"கம்பெனி வெள்ளம், சேச்சி."
ஹோஸைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்.

ஏட்டை வாங்கினேன்.
'ஈடு' என்பதை அடித்தேன்.
'எங்களுதில் கொஞ்சம் திரும்பி வந்தது'
என்று எழுதி, கீழே கையெழுத்து.

சுகுணன் அதைப் பார்த்தான்,
நெற்றியில் தேதி இருக்கிறதா என்று.
அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும்.

லாரி திரும்பியது,
குழிப் பக்கமாகவே.