சேற்றின் எடை

பழைய பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே
தியோவின் நகல் கடையில் எனக்கு வேலை.
ஒரு பக்கம் பத்துக் காசு,
பிளாஸ்டிக் உறை போட இரண்டு வெள்ளி.
பாடாங் செராயில் யார் மகள் எதில் தவறினாள் என்று
தாய்க்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.
கண்ணாடிக்கு அடியில் ஓடும் வெளிச்சத்துக்கு
எல்லார் புள்ளிகளும் ஒன்றுதான்.

குணாளனுடையது இரண்டு புள்ளி மூன்று மூன்று.
கணிதத்தில் சி. அதுவும் தொற்றிக்கொண்டு வந்த சி.
முதல் விருப்பம் என்ற கட்டத்தில்
தலைநகரின் பெரிய பல்கலைக்கழகம்,
புள்ளியியல் என்று போடச் சொன்னான்.
இரண்டாவது?
'காலியா விடு.'
சிரித்துவிட்டேன்.
சிரிக்கத் தகுதியுள்ளவள்தான் நான்:
மூன்று புள்ளி ஒன்பது இரண்டு,
பள்ளிச் சுவரில் படம்,
தொகுதி அலுவலகம் தந்த மடிக்கணினிப் பை.
பை மட்டும்.

அவன் கட்டுரையை நான்தான் தட்டச்சு செய்தேன்.
செம்பனை ஆலையின் எடைமேடையில் இரவுவேலை அவனுக்கு.
மழைநாளில் ஒவ்வொரு லாரிக்கும்
சேற்றுக்கென்று நாற்பது கிலோ கழிப்பார்கள்.
யார் நிறுத்துப் பார்த்தது?
இவன் பார்த்தான்.
சக்கரத்தில் அப்பியதைச் சுரண்டி
கோணியில் கட்டித் தராசில் வைத்தான்,
இரண்டு மழைக்காலம், இருநூற்றுப் பதினாறு லாரி.
பதினோரு கிலோ. சில நாள் ஒன்பது.
ஒரே ஒரு தடவை, கால்வாயில் இறங்கிய வண்டி,
ஐம்பத்திரண்டு.
'அதையும் போடு லோகா.
நமக்குப் பிடிக்காத எண்ணையும் போடணும்.'
பிழைகளைத் திருத்தினேன்.
அந்த ஐம்பத்திரண்டை அழிக்கக் கை போய்த் திரும்பியது.

நேர்காணலுக்கு என் தம்பியின் காலணியில் போனான்.
கணிதத்தில் சி, கேட்பது புள்ளியியலா
என்றாராம் ஓர் அம்மாள்.
இரவுவேலை, அம்மாவின் சிறுநீரகம்,
சொல்ல எவ்வளவோ இருந்தது.
சொல்லவில்லை.
'பாதி எனக்குப் புரியல.
புத்தகத்துல வர்ற லாரியில சேறே இல்ல.'
யாரும் சிரிக்கவில்லையாம்.
ஓரத்தில் இருந்தவர் மட்டும்
அந்த ஐம்பத்திரண்டு என்ன கதை என்று கேட்டாராம்.
மிச்ச நேரமெல்லாம் அதே பேச்சு.

முடிவு ஒரே நாளில் வந்தது.
அவனுக்கு 'தஹ்னியா'.
எனக்கு 'டுக்காசித்தா'.
மலாய்ச் சொல்லுக்குள்ளும் நம் துக்கம் உட்கார்ந்திருப்பதை
அன்றுதான் பார்த்தேன்.

சித்தப்பா யாரையோ பிடித்தார் என்றது சாப்பாட்டுக்கடை.
அதிர்ஷ்டம் என்றது கோயில் கமிட்டி.
என் அம்மா ஒன்றும் சொல்லாமல்
இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.
நானும் சொன்னேன், தியோவிடம், ஒருமுறை:
'ரெண்டு புள்ளி மூணு எடுத்தவன்
என் இடத்துல உட்கார்ந்திருக்கான்.'
தியோ கல்லாவை எண்ணிக்கொண்டிருந்தார்.
நான் கேட்டது பல் மருத்துவம்.
வேறு கட்டடம், வேறு வரிசை.
என் இடத்தில் அவன் உட்காரவே இல்லை.
தெரிந்துதான் சொன்னேன்.

கடிதத்துக்கு உறை போட வந்தான்.
இரண்டு வெள்ளியை வாங்கிக்கொண்டேன்.
சூட்டு உருளைகளுக்கு நடுவே தாள் நழுவுகையில்
மூலையில் ஒரு காற்றுக்குமிழி.
அவனும் பார்த்தான்.
இருக்கட்டும் என்றான்.

கடை சாத்தியபின்
என் பழைய விண்ணப்பத்தைத் திறந்தேன்.
இந்தத் துறை ஏன்? ஐந்நூறு சொற்களுக்குள்.
'சிறுவயது முதலே சமுதாயத்துக்குச் சேவையாற்ற…'
ஆசிரியர் முப்பது பேருக்கும் தந்த வாக்கியம்.
பிழை ஒன்றுகூட இல்லை.
வெளியே மழை. ஆலைப் பக்கம்
லாரிகள் கியர் மாற்றும் சத்தம்.
வாக்கியத்தை அழித்தேன்.
துடிக்கும் கோடு மட்டும் திரையில் நின்றது.

பல்லைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

அம்மா இடப்பக்கம் மட்டும்தான் மெல்லுவாள்.
எந்த வருஷத்திலிருந்து என்று
காலையில் கேட்கணும்.