பதினொன்று மிச்சம்

நீல மூடிப் புட்டியைக் கவிழ்த்து
தட்டில் எண்ணுகிறேன்.
ஐந்தைந்தாகத் தள்ளினால் பிழை வராது.
பதினொன்று மிச்சம்.
இருக்க வேண்டியது நான்கு.

எதிரே சேசடிமை,
குளச்சல் துறைமுகத்தில் படகு எஞ்சின் பார்க்கிறவர்.
வேப்பமூட்டில் இறங்கி
வெயிலில் நடந்து வந்திருக்கிறார்.
நகக்கண்களில் கிரீஸ்.

"ஏழு நாள் விட்டுப் போச்சா?"
"விட்டுப் போகல்ல பிள்ளே.
விட்டுப் பார்த்தேன்."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
மறதி, பயணம், வாந்தி,
பிற.
பிறவுக்குப் பக்கத்தில்
இரண்டு அங்குலக் கோடு.

சித்திரையில் அவர் இதயம்
தாளம் கெட்டு நூற்றெழுபதில் ஓடியது.
மின்சாரம் வைத்து நேராக்கினார்கள்.
திரும்ப வரும் என்றார்கள்.
வராமல் இருக்கத்தான் இந்த மஞ்சள் மாத்திரை,
அது மருந்தாக இருந்தால்.
பாதிப் பேருக்கு மருந்து
பாதிப் பேருக்கு அதே மஞ்சளில் மாவு.
யாருக்கு எது என்று
இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது.
எங்கோ ஒரு கணினி
பூவா தலையா போட்டு
எண்ணை மட்டும் அனுப்புகிறது.

முதல் நாள்
பதினொரு பக்க ஒப்புதலை வாசித்துக் காட்டினேன்.
எஞ்சினுக்குச் சாய்க்கிற மாதிரி
தலையைச் சாய்த்துக் கேட்டார்.
ஆறாம் பக்கத்தில் கை காட்டி நிறுத்தினார்.
"அப்ப எனக்கு மாவுன்னா?"
இருக்கலாம்.
"உனக்குத் தெரியாதா?"
தெரியாது.
"தெரியாமலா தருவே?"
தெரியாமல் தந்தால்தான் தெரியும் என்றேன்.
பழமொழி போல வந்து விழுந்ததில்
எனக்கே கூச்சம்.
அவர் சிரித்துக் கையெழுத்துப் போட்டார்.

படபடப்பு வந்தால் எழுத
ஒரு குறிப்பேடு கொடுப்போம்.
மற்றவர்கள் எழுதுவார்கள்: லேசாக வந்தது.
இவர் எழுதுவார்:

வெள்ளி ராத்திரி ரெண்டு பத்து.
ஒரு சிலிண்டர் அடிக்கல்ல. நாலு நிமிஷம்.

ஞாயிறு பூசை நேரம்.
டீசல்ல தண்ணி கலந்தாப்ல.
சாமியார் பிரசங்கம் முடியுமுன்னே சரியாச்சு.

செவ்வாய். ஒண்ணுமில்ல.
மகள் போன் பண்ணல்ல. அது வேற கணக்கு.

மும்பையிலிருந்து வந்த ஆய்வாளர்
இதை மொழிபெயர்க்கச் சொன்னார்.
"படபடப்பு, லேசாக" என்று எழுதிக் கொடுத்தேன்.
அன்று மதியச் சோறு
இறங்கவில்லை.

இப்போது கேட்கிறேன்,
ஏன் நிறுத்தினீர்கள்?

"எஞ்சின் சரியா ஓடுதுன்னு வை.
ஊத்தின எண்ணெயாலயா, தன்னாலயா?
நிறுத்திப் பாத்தாத்தானே வெளங்கும்."

அவரும் ஒரு சோதனை நடத்தியிருக்கிறார்.
பங்கேற்றவர் ஒருவர்.
நெறிமுறைக் குழு கிடையாது.

குறிப்பேட்டைப் புரட்டுகிறேன்.
நான்கு நாள் வெறுமை.
ஐந்தாம் நாள்:
முட்டத்துக்கு மேக்கே நின்னுபோன படகைப் பாக்கப் போனேன்.
பிடிச்சுது. படகுல ஒம்பது பேரு.
சொல்லல்ல.

எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை.
மார்பில் ஒட்டிய கருவி சொல்கிறது,
இருபத்தாறு நிமிடம்.
திரையில் கோடுகள்
ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.
ஒன்பது பேருக்கு நடுவில்
ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டே
இருந்திருக்கிறார்.

திட்ட வேண்டும். திட்டினேன்.
டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொல்வேன்.
அவர் முகத்திலோ வெற்றி.
"அப்ப மாவு இல்ல, கேட்டியா?"

ஒரு தடவை போதாது அண்ணே.
மாவை நிறுத்தினாலும்
அன்றைக்கே வரலாம்.
"அது உங்க கணக்கு" என்றார்.

புதுப் புட்டியை நீட்டினேன்.
வாங்கி, காதருகே கொண்டுபோய்
ஒரு குலுக்குக் குலுக்கினார்.
கண்ணை மூடி
இன்னொன்று.
தலையாட்டிவிட்டுப் பையில் போட்டார்.
என்ன கேட்டது என்று
நான் கேட்கவில்லை.

பிறவுக்குப் பக்கத்துக் கோட்டில்
தமிழில் எழுதினேன்:
விட்டுப் பார்த்தார்.
அடுத்த மாதம் ஆய்வாளர் வருவார்.
மொழிபெயர்க்கச் சொல்வார்.