மூன்றாம் நாளுக்குப் பிறகு

பழங்கதையில் ஒரு பசு
உப்புப் பனியை நக்கிக்கொண்டிருந்தது.
முதல் நாள் அந்தியில் மயிர் தெரிந்தது,
மறுநாள் தலை,
மூன்றாம் நாள் முழு ஆள்.

ஸ்டெய்ன்வோர் ஆண்டுக்கு ஒரு நாள்தான் வருவாள்,
ஐஸ்லாந்தில் ஆடுகள் மலையிறங்கும் செப்டம்பரில்.
அதே லென்ஸ்.
முக்காலிக்கென்று பாறையில் அவளே குடைந்த
மூன்று குழிகள்.
பேட்டரியை அக்குளில் இடுக்கிச் சூடேற்றுவாள்.

முதல் படத்தில் பனி சட்டத்துக்குள் அடங்கவில்லை.
ஏழாவதில் அடங்கியது.
பன்னிரண்டாவதில் தேடவேண்டியிருந்தது;
முன்னால் ஓர் ஏரி,
இன்னும் பெயர் வைக்காதது.

எந்த நாக்கு நக்குகிறதென்று அவளுக்குத் தெரியும்.
டீசல் ஜீப்பில் வந்தவள்தானே.

இந்த முறை பனியோரம் கம்பளி தெரிந்தது.
கத்திக் கூப்பிட்டாள்.
மந்தையை நாயிடம் விட்டுவிட்டு
ஊல்வர் இறங்கி வந்தான்.
கையுறை கழற்றி, குந்தி,
காதைத் தடவினான்:
இடக்காதில் இரட்டை வெட்டு.
"எங்களுடையது."

அறுபத்தொன்றில் அடித்த புயல்.
அவன் அப்போது பிறக்கவே இல்லை.
பண்ணைக் குறிப்பேட்டில் இருக்கிறது:
பதினாலு உருப்படி, காணவில்லை.

சிரித்தான்.
சிரிப்பை எங்கே இறக்கிவைப்பதென்று தெரியாமல்
ஏரியைப் பார்த்தான்.
"இன்னும் பதிமூணு வரணும்."

கதையில் வெளிவந்தவன்
தெய்வங்களுக்குப் பாட்டன் ஆனான்.
நாலாம் நாள் அந்தப் பசு
எதை நக்கியதென்று
ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

நாலு பத்துக்கு எடுத்த படத்தில் ஆடு இல்லை.
தண்ணீர், தண்ணீர்,
இடது மூலையில் கலங்கலாய்
குனிந்த ஒரு முதுகு.
அவள் அதை வெட்டி நீக்கவில்லை.