பெய்ப்சி ஏரியின் மேல்

கம்பளி பூட்ஸுக்குக் குளிர் ஒரு பொருட்டில்லை.
இருபத்தாறு டிகிரி உறைபனியிலும்
உள்ளே கால் பூனைக்குட்டிபோல் சுருண்டு கிடக்கும்.
அதற்கு ஆகாதது தண்ணீர் ஒன்றுதான்.

கரையிலிருந்து நாலு கிலோமீட்டர்.
பொருக்குப் பனி மூடிய விரிசல்.
இடது கால் முழங்கால்வரை உள்ளே போனது.
இழுத்தபோது வெளியே வந்தது
கால் இல்லை,
ஒரு வாளித் தண்ணீர்.

சவ்வாத்தி பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.
ஐஸ் துளைப்பான் விஷயத்தில்
மூன்று குளிர்காலமாகப் பேச்சில்லை எங்களுக்குள்.
அவன் துளை அங்கே, என் துளை இங்கே,
அடியில் ஒரே மீன்கள்.

தூண்டிலைப் போட்டுவிட்டு வந்தான்.
பூட்ஸை உருவினான். காலுறையை
மீன்தோல்போல் உரித்து எறிந்தான்.
கோட்டைத் திறந்தான், ஸ்வெட்டரைத் தூக்கினான்,
என் பாதத்தை வெறும் வயிற்றில் வைத்து
மூடிக்கொண்டான்.
"ஆண்டவரே" என்றான்,
என்னிடம் அல்ல.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை.
யாருடைய காலோ.
பிறகு ஊசி. பிறகு கட்டெறும்பு.
பிறகு அவன் மூச்சு ஏறி இறங்குவது.
அவன் குடல் இரைந்தது
என் உள்ளங்காலுக்குக் கேட்டது.

செய்தித்தாளைக் கசக்கிக் கசக்கி
பூட்ஸின் ஈரத்தை ஒற்றி எடுத்தான்.
மாற்றுக் காலுறை வைத்திருந்தான்,
குதிகாலில் சிவப்பு நூல், உலித்தா பின்னியது.
அதற்குமேல் ரொட்டி சுற்றிய பிளாஸ்டிக் பை.
"விரலை அசை."
அசைத்தேன்.
"எல்லாத்தையும்."
சுண்டுவிரல் கொஞ்சம் யோசித்து அசைந்தது.

"அந்தத் துளைப்பான்," என்றான் எழுந்தபடி,
"நாற்பது யூரோ."

இப்போது என் அடுப்புமேல்
அவன் காலுறை தொங்குகிறது.
காலையில் திருப்பித் தரவேண்டும்.
துவைத்துத் தருவதா,
அப்படியேவா,
அதை முதலில் முடிவு செய்யவேண்டும்.