மற்றப் பக்கம் கிறுகுது

பாசிக்குடாவில் பூட்டிக் கிடந்த ஒரு ஹோட்டலின்
வேகப்படகிலிருந்து இறக்கினோம்.
ஏழு தசம் நாலு லீற்றர். எட்டுச் சிலிண்டர்.
கறள் பிடித்த ஆனைத்தலை போல
என் ஐஸ் லொறியில் படுத்து வந்தது.
கும்புறுமூலையில் மறித்த பொலிஸ்காரருக்கு
"தண்ணிப் பம்பு" என்றேன்.
இவ்வளவு பெரிய பம்பு எந்த வயலுக்கு என்று
அவர் கேட்கவில்லை.

சீட்டுக் காசு முழுக்க அதற்குள் போனது.
உப்பு எவ்வளவு தின்றிருக்கும் என்று
டச்பார் பட்டறையில் டெரிக் பார்த்தலட்
ஒவ்வொரு சுவராகத் தட்டிக் கேட்டான்,
பலாப்பழம் வாங்குகிறவன் மாதிரி.
ஏழு கணீரென்றன.
ஐந்தாவது யோசித்துத்தான் சொன்னது.
அதற்கு மட்டும் ஸ்லீவ் இறக்கினோம்.

பிஸ்டன் எட்டும் ஒரே பாரமாக இருக்க வேண்டும்.
பவளகாந்தனின் நகைக்கடைத் தராசில் வைத்தோம்.
தாலிக்கொடி நிறுக்க வந்த குடும்பம்
கதிரையில் காத்திருந்தது.
பாரம் குறைந்த ஒன்றுக்காக மற்ற ஏழையும் அராவ,
விழுந்த அலுமினியத் தூளைப்
பழக்கதோஷத்தில் தூரிகையால் கூட்டிக்
கடதாசியில் மடித்துத் தந்தார் மனிதர்.
இப்பவும் என் பேர்சில் கிடக்கிறது.

மாரி முழுக்க வல்வு அரைத்தோம்.
வாவி றோட்டில் ஏறி இறங்கியது.
எரியும் ஒழுங்கை வாய்க்குள் சொல்லியபடி
வயர் பூட்டினோம்:
ஒன்று எட்டு நாலு மூன்று
ஆறு ஐந்து ஏழு இரண்டு.
டெரிக்கின் சின்ன மகள்
அதைச் சொல்லிக் கயிறடித்தாள்.

தையில் திறப்பைத் திருப்பினோம்.
கார்பரேட்டர் என் புருவத்தைத் தின்றது.
மறுகாவும் திருப்பினோம்.
சைலன்சர் வெடித்து மதிலில் பட்டது.
மூன்று நாள் இருமல், தும்மல், நெருப்பு.
பெற்றோலைக் குறை சொன்னோம்.
ஆளையாள் குறை சொன்னோம்.

நாலாம் நாள் டெரிக்கின் தங்கச்சி கிளாறா
மீன் வெட்டின கையோடு வந்து நின்று
"இது மற்றப் பக்கமெல்லா கிறுகுது" என்றாள்.

ஜோடி என்ஜின் படகு அது.
ஒரு பக்கம் இழுபடாமல் ஓட
ஒன்று வலம் கிறுகும், ஒன்று இடம்.
எங்களிடம் வந்தது இடம்.
கையைச் சட்டையில் துடைத்துவிட்டு
கிளாறா வயர்களை மாற்றிக் குத்தினாள்:
இரண்டு ஏழு ஐந்து ஆறு
மூன்று நாலு எட்டு ஒன்று.

தகரக் கூரை ஆணி கழன்று விழுந்தது.
மூன்று வீடு தள்ளிப் பிலோமினா அன்ரி
கட்டிலுக்குக் கீழே போய்விட்டா.
ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.
"ஹெலியெண்டு நினைச்சிற்றன்" என்று
முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்பினா.

கிரவுண் காரில் பூட்டி முதலாம் கியர் போட்டேன்.
பின்னால் போய்க் கோழிக்கூட்டில் ஏறினேன்.

புதுக் கேம், புதுப் பல்லு வாங்கக் காசில்லை.
டெரிக் பின் அச்சைக் குப்புறக் கவிழ்த்துப் பூட்டினான்.
சில்லு இனி முன்னுக்குப் போகும்.
எண்ணெய் பினியனுக்கு ஏறுமா என்றேன்.
"நானூறு மீற்றருக்கு ஏறத் தேவல்ல."

வவுணதீவு தாண்டி, நெல் காயப்போடும் நேர் றோட்டு.
பாதி தாருக்கு நெல், பாதி எங்களுக்கு.
ஏறாவூர் நஸ்மில் டர்போ ஸ்கைலைனில் வந்தான்.
தனித்தனியாக ஓடி நேரம் பார்ப்பது என்று பேச்சு.
அவனுக்குப் பதின்மூன்று செக்கன்.
எனக்கு முன்னூறு மீற்றர் வரைக்கும்
வானம் மட்டும்தான் தெரிந்தது.
பிறகு ஆரோ இரும்பைக் கடித்தார்கள்.

நஸ்மிலே கயிறு கட்டி இழுத்து வந்தான்.
பாலத்தில் தலையை வெளியே நீட்டி,
"மற்ற என்ஜின் நீர்கொழும்புல கிடக்காம்,
அது சரியாக் கிறுகுமாம், வேணுமா?"

கிளாறா பின் சீற்றில் இருந்தாள்.
றோட்டில் பொறுக்கிய பல்லுத் துண்டுகளை
மடியில் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தாள்.
"ஒண்டு குறையுது" என்றாள்.
"நெல்லுக்குள்ள போயிற்று."