சமரிழை

காற்று ஐந்து மணிக்கு வந்தது.
ஐந்தேகாலுக்கு இணையம் போனது.
கெயோன் துறைமுகத்தில் இதெல்லாம் செய்தியே இல்லை.
சால்மன் லாரிக்காரர்கள் படகு வராதென்று
என்ஜினை அணைத்துவிட்டுச் சீட்டாடப் போனார்கள்.
நான் அடுப்பில் இன்னொரு விறகு வைத்தேன்.

வால்திவியாவில், பல்கலைக்கழக நிலவறையில்
என் வேலை நிற்கவில்லை.
கொர்கொவாதோ வளைகுடாவில்
ஒலிவாங்கிகள் ஒன்பது ஆண்டு கேட்டதையெல்லாம்
ஒரு கணினி அங்கே மறுபடி கேட்டுக்கொண்டிருந்தது:
இது நீலத் திமிங்கிலம்,
இது கப்பல்,
இது வெறும் கடல்.

இதற்கு அமர்வு என்று பெயர்.
அமர்ந்திருப்பது நானில்லை.
கன்ட்ரோலும் பி-யும், பிறகு ஒரு டி,
எழுந்து போய்விடலாம்.
மடிக்கணினியை மூடலாம், ரொட்டி வாங்கப் போகலாம்,
மூன்று நாள் காய்ச்சலில் கிடக்கலாம்.
திரும்பி வந்து ஒரே ஒரு வரி அடித்தால்
விட்ட இடத்தைத் தாண்டி
வெகுதூரம் போயிருக்கும் அது.
பதினோரு வருடம் கூட இருந்த எர்மோஹெனெஸோடு
எனக்கு அறை மாறினாலே பேச்சு அறுந்துபோகும்.

திரையை மூன்றாகக் கிழித்து வைத்திருந்தேன்.
இடப்பக்கம் கோப்புகளின் எண்ணிக்கை.
வலப்பக்கம் மேலே எந்திரத்தின் சூடு.
கீழே, ஒன்றும் ஓடாத ஒரு கட்டம்.

மே மாதம் ஓர் இரவு
ஜன்னல் தானாகச் சுருங்கியது.
ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாக நிரம்பிற்று.
என் இரண்டு கையும் கோப்பையில் இருக்க
கீழ்க்கட்டத்தில் எழுத்துகள் நடந்தன:

# நான் எவாரிஸ்தோ. எந்திர அறை, இரவு முறை.
# உங்கள் விசிறி அலறுகிறது. தூங்கவில்லையா?

அவர் திரை சிறியது.
ஒரே அமர்வில் இரண்டு பேர் என்றால்
பெரியதுதான் சிறியதற்கு இறங்கி வரவேண்டுமாம்.
நான் பார்த்த வீடுகளில் அப்படி நடந்ததில்லை.

வரியின் தலையில் வேலிக்குறி இருந்தால்
கணினி அதைக் கட்டளையாக எடுக்காது,
என்டர் தட்டினாலும் பேசாமல் இருக்கும்.
எனவே வேலிக்குறி போட்டுப் பேசினோம்.
அவருக்குப் பல் முளைக்கும் குழந்தை.
எனக்குக் கதவிடுக்கில் மழை.
எழுபது நாள்,
யாரையும் எதையும் செய்யச் சொல்லாத வரிகள்.

ஒருமுறை இருவரும் ஒரே நொடியில் தட்டினோம்.
அவருடைய 'சரி'யும் என் 'மழை'யும் பின்னிக்கொண்டு

# சமரிழை

என்று நின்றது.
அழிக்க இருவருக்கும் கை வரவில்லை.

இணையம் அறுந்தால் அமர்வு சாகாது.
மின்சாரம் அறுந்தால் சாகும்.
இதை எல்லோரும் படித்திருக்கிறோம், யாரும் நம்புவதில்லை.
அன்றைய காற்று வால்திவியாவிலும்
கம்பிமேல் ஒரு மரத்தைச் சாய்த்திருக்கிறது.
பேட்டரி நாற்பது நிமிடம் தாங்கியதாம்.

வெள்ளிக்கிழமை விடிகையில் இணையம் வந்தது.
அந்த ஒரு வரியை அடித்தேன்.
'அமர்வு எதுவும் இல்லை' என்றது,
மூன்றே சொல்லில், கோபமில்லாமல்.

திமிங்கிலங்கள் பத்திரம்.
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் கோப்பு வட்டில் ஏறியிருந்தது.
மேலம்பை அழுத்திப் பார்த்தேன்.
அழுத்த அழுத்தப் பழைய கட்டளைகள் வந்தன,
எல்லாம் ஏப்ரல் வரைக்கும்.
ஒன்றும் செய்யாத வரிகளை
எங்காவது எழுதி வை என்று
நாங்கள் அதனிடம் சொல்லியிருக்கவில்லை.

புது அமர்வு திறந்தேன்.
பெயர் ஒன்று வைக்க வேண்டும். வைத்தேன்:
சமரிழை.
மூன்றாகக் கிழித்தேன்.
விட்ட கோப்பிலிருந்து ஓடவிட்டேன்.
கீழ்க்கட்டத்தில் ஒரு வேலிக்குறி போட்டுவிட்டு
மேற்கொண்டு என்ன எழுதுவதென்று தெரியாமல்
கெட்டிலை அடுப்பில் ஏற்றப் போனேன்.

விறகு ஈரம். நேரமாயிற்று.

திரும்பி வந்தபோது
ஜன்னல் சுருங்கியிருந்தது.
ஓரமெல்லாம் புள்ளி.